அபின் அடிமையும் அடையாளமும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஒருவர் போதைப் பொருளுக்கு அடிமையாகிவிட்டார் என்பதைப் பிறர் எவ்வாறு அறிவது? இவ்வினா மருத்துவர்க்கே உரியது எனத் தோன்றும். ஆயினும், இதற்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. காலந்தோறும் மக்கள் தாம் கண்ட ஏதேனும் ஒரு குறியையே முழு அடையாளமாகக் கொண்டனர். அதனால், அடிமைப்பட்டாரைக் காணாது விட்டனர்; அடிமைப்படாதாரை அடிமையெனக் கருதி வருத்தினர். இவ்விருவகைப் பிழையாலும் உயிரிழப்பு நேர்ந்தது; இன்றும் நேர்கின்றது. ஆகலின், எக்குறியை எவர், எக்காலத்து, எவ்வாறு கண்டனர் என்பதை அபினையும் அதன்வழிப் பிறந்த மருந்துகளையும் மட்டும் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம். கள், கஞ்சா முதலியவற்றின் குறிகள் வேறாதலின், அவற்றை இக்கட்டுரை விரித்துரைக்கவில்லை.

1. சொல்லும் பொருளும்

அபின் என்னும் சொல்லே ஒரு வணிக வழியைக் காட்டுவது. கிரேக்க மொழியில் சாறு எனப் பொருள்படும் 'ஓபொசு' என்பதினின்று 'ஓபியோன்' பிறந்தது. அது அரபு மொழியில் 'அஃப்யூன்' ஆயிற்று. அதன் வழியே நம் நாட்டு மொழிகளிற் புகுந்து, தமிழில் அபின் என்றும் அபினி என்றும் வழங்கலாயிற்று. கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறியவழி வடியும் பாலே உறைந்து அபின் ஆகின்றது. கிரேக்கர் அதனைச் சாறு என்றே அழைத்தமை பொருத்தமுடையதே.

இனி, 'அடிமை' என்னும் சொல்லை நோக்குவாம். போதைப் பொருளின் வயப்பட்டவரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'அடிக்ட்' என்னும் சொல் இலத்தீன் மொழியின் 'அடிக்டசு' என்பதினின்று வந்தது. பண்டை உரோமில், கடனைத் தீர்க்கமாட்டாது நடுவர் ஆணையாற் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்டவனே அடிக்டசு எனப்பட்டான். பின்னர் அச்சொற்குடும்பம் ஒன்றன்பால் தன்னை முற்றும் ஒப்புவித்தல் என்னும் பொதுப்பொருளில் வழங்கிற்று. போதைப் பொருள் வழக்கினர்க்கே உரிய பெயராக அது நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாகும். தமிழில் நாம் அடிமை என்று கூறும்போதும், உண்ட பொருளைச் சுட்டுகின்றோம் அல்லேம். உண்டவன் இழந்த உரிமையையே சுட்டுகின்றோம். சொல் காட்டும் இவ்வுண்மையை நோய்க்குறி ஆராய்ந்தோர் நெடுங்காலம் கழித்தே உணர்ந்தனர் என்பது பின்வரும் சான்றுகளாற் புலனாகும்.

2. உண்ட நிலையில் தோன்றும் குறி

போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா கோவாவில் முப்பது ஆண்டுகள் போல வாழ்ந்தவர். அகமதுநகர் நிசாம் சாகி மன்னர்க்கு மருத்துவம் செய்தவர். இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றி உரையாடல் வடிவில் அவர் இயற்றிய நூல் கோவாவிலேயே 1563-இல் அச்சிடப்பெற்றது. அதில் அபினுக்கென ஓர் உரையாடல் உள்ளது. அபின் உண்பார் அரைத்துயிலில் நடமாடுவார் போலத் தோன்றுவர் என அவர் குறித்தார். இது பலரும் கண்ட குறியே. ஆயின், அடுத்து அவர் கூறுவது கூர்ந்து நோக்கத்தக்கது. நிசாம் சாகி மன்னரின் எழுத்தர் ஒருவர் நாள்தோறும் மிகுந்த அளவு அபின் உண்பவர். எந்நேரமும் தூங்கி வழிபவர். எனினும், பணியில் ஈடுபடுத்திய அளவில் கற்றறிந்த சான்றோர் போலத் தெளிவாகப் பேசுவார் என்கின்றார் ஓர்த்தா.

அறிவு மழுங்குதலே அடிமையின் குறி எனக் கொள்வார்க்கு இவ்வெழுத்தர் அகப்படமாட்டார். உடல் பழகப் பழக, முதலில் மயக்கிய அளவு பின் மயக்குவதில்லை. அளவு ஏறியும் செயல் கெடாதிருத்தல் நலத்தின் அறிகுறி அன்று, நெடும்பழக்கத்தின் அறிகுறி. ஆகவே, உண்ட நிலையில் ஒருவரைக் கண்டு முடிவு செய்தல் அரிது என்பது 1563-இலேயே ஏட்டில் ஏறிவிட்டது. அதனை உணர்ந்தோர் சிலரே.

3. உண்ணாத நிலையில் தோன்றும் குறி

ஓர்த்தாவைப் பின்பற்றிக் கீழைநாட்டு மருந்துகளைப் பற்றி எழுதியவர் கிறித்தோவன் அகோசுத்தா. அவர் நூல் எசுப்பானிய நாட்டுப் பர்கோசு நகரில் 1578-இல் வெளிவந்தது. கப்பலிற் கொண்டுசெல்லப்பட்ட சிறையாளர் சிலரைப் பற்றி அதில் அவர் கூறுகின்றார். அவர்கள் மறைவாக அபின் உண்டு வந்தனர். கைப்பொருள் தீர்ந்தவுடன், அபின் இன்றேல் தாம் இறப்பது உறுதி எனத் துயருற்றனர். அதுகாறும் அவர்களை அபின் உண்போர் என்று எவரும் அறிந்திலர். அபினுக்கு ஈடாகத் திராட்சை மது அளிக்கப்பெற்றது. ஒரு திங்களுக்குள் அவர்கட்கு அபினும் வேண்டாதாயிற்று, மதுவும் வேண்டாதாயிற்று. உண்டபோது மறைந்திருந்தது உண்ணாதபோது வெளிப்பட்டது என்பதும், அத்துன்பம் கடத்தற்குரியது என்பதும் இச்செய்தியினின்று நாம் பெறும் இரு முடிவுகள்.

வேல்சு நாட்டு மருத்துவர் ஜான் ஜோன்சு அபினைப் பற்றி 1700-இல் ஒரு தனி நூல் வெளியிட்டார். அபினைப் பெரிதும் புகழ்ந்த நூல் அது. ஆயினும், நெடுநாள் உண்டபின் திடுமென விடுதலால் பொறுத்தற்கரிய துன்பமும் மனச்சோர்வும் உண்டாகும் என்பதை அவரும் மறையாது எழுதினார்.

காலத்தாற் பிற்பட்டதாயினும் கருத்தால் இதனோடு இயையும் சீன நாட்டுச் சான்று ஒன்றையும் ஈண்டே கூறுதல் தகும். அபின் புகைப்பார்க்குக் கொலைத்தண்டம் விதிக்கலாமா என்னும் வினா 1838-இல் சீனப் பேரரசின் அவையில் எழுந்தது. தண்டிப்பதாயின், குற்றவாளி இவன் எனத் துணியும் முறை வேண்டுமன்றோ? பகைவர்மேற் பொய்ப்பழி சுமத்துவாரும் உளராதலின், முகத்தைக் கண்டோ அயலார் உரையைக் கேட்டோ முடிவு செய்தல் ஒல்லாது. அவ்வாண்டில் லின் சே-சூ என்னும் ஆளுநர் அவைக்கு விடுத்த திட்டத்தில் இதற்கும் வழி கூறினார். ஐயத்துக்குரியவரைத் தனியே அமர்த்திக் காவல் வைத்துச் சில நாழிகை காத்திருந்தால், அபின் வேட்கை தானே வெளிப்படும் என்பது அவர் கருத்து. 1839-இல் காண்டன் நகர் சென்று, 20,000 பெட்டிகளுக்கு மேற்பட்ட அபினைக் கைப்பற்றி அழித்தவர் இவரே. குறியறியும் முறை ஈண்டுத் தண்டிக்கும் கருவியாயிற்று என்பதை நாம் மறத்தல் ஆகாது. நோயாளியின் துன்பமே அவனுக்கு எதிரான சான்று ஆயிற்று.

4. நண்பர் காணாத நடுக்கம்

சீனத்தில் அரசு வலிந்து தேடிய குறியை, அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒருவர் தம் நண்பரிடத்தே கண்டும் அறியாதிருந்தார். ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ் அபினை மதுவிற் கரைத்த 'லாடனம்' என்னும் மருந்தை வலி தீர்க்க உண்ணத் தொடங்கி, அதன் வயப்பட்டார். அந்நாளில் அம்மருந்து எந்த மருந்துக் கடையிலும் கிடைத்தது. அதனை வாங்குதல் குற்றமாகவோ இழிவாகவோ கருதப்படவில்லை.

ஜோசப் காட்டில் என்பவர் பிரிசுட்டல் நகரத்துப் புத்தக வணிகர். கோலரிட்ஜை 1795 முதல் அறிந்தவர். அவர் நூல்களைப் பதிப்பித்தவர். 1814-இல் கோலரிட்ஜின் கை நடுங்குவதையும், ஒரு கையாற் மறு கையைத் தாங்கியும் மதுக்கிண்ணத்தைச் சிந்தாமல் எடுக்க இயலாமையையும் காட்டில் கண்டார். வாத நோய் என்றே எண்ணினார். அருகிருந்த வேறொருவரே, அது மிகையான அபினால் வந்தது என அவர்க்கு எடுத்துரைத்தார். நெடுநாள் நண்பருக்குப் புலப்படாதது பிறர்க்குப் புலப்பட்டமை வியப்புக்குரியது அன்று. அன்பு மிக்கார் தாம் அஞ்சும் விடையைத் தவிர்த்து, ஏனைய விடைகளை முதலில் நாடுவர்.

உண்மையை அறிந்த காட்டில் என் செய்தார்? அறவுரை நிறைந்த கடுங்கடிதம் ஒன்று விடுத்தார். அக்கடிதம் தம் மனச்சான்றின் பழம்புண்ணை எரித்தது என்றே கோலரிட்ஜ் மறுமொழியைத் தொடங்கினார். தம் அறிவு கெடவில்லை, விடவேண்டும் என்னும் விருப்பமும் கெடவில்லை, விருப்பத்தைச் செயலாக்கும் ஆற்றலே கெட்டது என்னும் கருத்துப்பட அவர் அதில் எழுதினார். மருந்துக் கடைக்குள் தாம் நுழையாவண்ணம் தடுக்கக் கூலியாள்களை அவர் அமர்த்தினார் என்று டி குவின்சி பின்னாளிற் குறித்துள்ளார். தன்னைத் தடுக்கப் பிறர்க்குக் கூலி கொடுப்பவன் இன்பம் நாடி உண்பவன் அல்லன். அடிமை என்னும் சொல்லின் பொருளை, நோயாளியே மருத்துவர்க்கு முன்னர்க் கண்டு உரைத்தார் என நாம் கொள்ளலாம்.

5. மருந்தே நோயாதல்

செர்மானிய மருந்தாளர் சேர்த்தூர்னர், அபினின் ஆற்றலுக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, 1817-இல் அதனைப் பற்றி விரிவாக வெளியிட்டார். கிரேக்கக் கனவுத் தெய்வமாகிய மார்பியசின் பெயரால் அது மார்பின் எனப்பட்டது. எடின்பரோ நகர மருத்துவர் அலெக்சாண்டர் வுட் 1853-இல் ஊசிக்குழல்வழித் தோலின்கீழ் மருந்து செலுத்தும் முறையைக் கையாண்டார். வயிற்றின் வழியே செல்லாத மருந்து வேட்கையை உண்டாக்காது என மருத்துவர் பலர் நம்பினர். நம்பிக்கை பொய்த்தது.

பொய்த்ததை முதலில் ஐயுற்றவருள் ஒருவர் ஆங்கில மருத்துவர் கிளிபர்டு ஆல்பட். நரம்பு வலிக்காக மார்பின் ஊசி ஏற்றுக்கொண்டவர்க்கு வலி தீராமல் வளர்வதை அவர் கண்டார். ஊசியின் ஆற்றல் தணிந்தவுடன் தோன்றும் வலி பழைய நோயின் வலிதானா, மார்பினே உண்டாக்கிய வலியா என 1870-இல் வினா எழுப்பினார். இவ்வினா இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம். மருந்து இல்லாமையால் எழும் துன்பத்தை நோயின் துன்பம் என மயங்கியதனாலேயே, மருத்துவர் மீண்டும் மருந்தையே அளித்து வந்தனர். பெர்லின் மருத்துவர் எடுவார்டு லெவின்சுடைன் 1877-இல் மார்பின் வேட்கையைப் பற்றி வெளியிட்ட நூல், நிறுத்தத் துன்பத்தை விரிவாக விளக்கிற்று. அவர்பால் வந்த நோயாளருள் மருத்துவரும் பலர். கல்வியும் பதவியும் காப்பாகா என்பது இதனாற் பெறப்படும்.

பாடம் கற்றபின்னும் பிழை மீண்டும் நிகழ்ந்தது. மார்பினினின்று ஆக்கப்பெற்ற ஹெராயின் என்னும் மருந்தைப் பேயர் நிறுவனம் 1898-இல் இருமல் மருந்தாக விற்கத் தொடங்கிற்று. அதன் தீமை சில ஆண்டுகளுக்குள் வெளிப்பட்டது.

6. காண்பார் யார் என்னும் வினா

குறிகளைக் காண்பவர் எவர் என்பதும் முடிவை மாற்றவல்லது. இந்தியாவில் அபின் வழக்கை ஆராயப் பிரித்தானிய அரசு 1893-இல் ஓர் அரச ஆணையம் அமைத்தது. பிராசி பெருமகன் அதன் தலைவர். 700-க்கும் மேற்பட்ட சாட்சிகள் உசாவப்பெற்றனர். அறிக்கை 1895-இல் வெளிவந்தது. அளவோடு உண்பாரைப் பிறரினின்று வேறுபிரித்தறிய இயலாது எனச் சாட்சியர் பலர் கூறினர். இந்தியர் பெரும்பாலும் அளவோடு உண்பதால் கேடு பெரிதன்று என ஆணையம் முடிவு செய்தது. உறுப்பினர் ஹென்றி வில்சன் இதற்கு உடன்படாது தனியறிக்கை தந்தார்.

அபின் விற்பனை அரசுக்குப் பெருவருவாய் தந்த காலம் அது. ஆகலின், குறி தென்படவில்லை என்னும் கூற்றைக் குறி இல்லை என எடுத்துக்கொள்ள அரசுக்குக் காரணம் இருந்தது. எனினும், சாட்சியர் கூற்று முழுதும் பொய் என்றும் தள்ளுதல் இயலாது. தடையின்றி, குறைந்த அளவில், நாள்தோறும் கிடைக்கும் இடத்தில் நிறுத்தத் துன்பம் தோன்றுதற்கு வாய்ப்பே இல்லை. ஓர்த்தா கண்ட எழுத்தரின் நிலை இங்கு ஒரு நாட்டின் நிலையாகக் காணப்பட்டது.

7. அளந்தறிதல்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், போதை வழக்குடைய கைதிகளுக்கும் தாமே வந்தோர்க்கும் என 1935-இல் ஒரு மருத்துவ நிலையம் திறக்கப்பெற்றது. அங்கு ஹிம்மெல்சுபாக் என்னும் மருத்துவர் நிறுத்தத் துன்பத்தின் குறிகளை வரிசைப்படுத்தி அளவிட்டார். முதலில் கொட்டாவி, கண்ணீர், மூக்கில் நீர் வடிதல், வியர்வை; அடுத்து மயிர்க்கூச்சு, நடுக்கம், உணவில் வெறுப்பு, கண்மணி விரிதல்; பின்னர்த் துயிலின்மை, அமைதியின்மை, காய்ச்சல், மூச்சும் குருதியழுத்தமும் மிகுதல்; முடிவில் வாந்தி, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு எனக் குறிகள் முறைப்பட்டன. இவ்வறிவு சிறைப்பட்டோர் உடலில் நடத்திய ஆய்வுகளால் விளைந்தது என்பதும், அம்முறை 1970-களிற் பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று என்பதும் உடன் நினைக்கத்தக்கன.

அந்நிலையத்து ஆய்வாளர் ஆபிரகாம் விக்ளர் மற்றொன்று கண்டார். அபின் வகை மருந்தை விட்டு நெடுநாள் ஆனவரும், அதனைப் பற்றிப் பேச நேர்ந்தால் கொட்டாவி விட்டனர், மூக்கை உறிஞ்சினர். உடலினின்று மருந்து நீங்கியும் நினைவினின்று நீங்கவில்லை. நிறுத்தத் துன்பம் கடந்தவுடன் நோய் தீர்ந்தது எனக் கருதியோர்க்கு இது மறுப்பாயிற்று.

8. குறியும் அடிமையும் வேறாதல்

உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1957-இல் 'அடிமைநிலை', 'பழக்கம்' என இரண்டாகப் பிரித்து வரையறுத்தது. அப்பிரிவு பயன்படாமை கண்டு, 1964-இல் 'சார்புநிலை' என்னும் ஒரே சொல்லைப் பரிந்துரைத்தது. அபினை ஏற்கும் இடங்கள் மூளையில் உள்ளமை 1973-இல் மெய்ப்பிக்கப்பெற்றது. அவ்விடங்களிற் செயற்படும் பொருளை உடலே ஆக்கிக்கொள்வதை ஹியூசும் கோசுடர்லிட்சும் 1975-இல் கண்டனர். ஆகவே, நாள்தோறும் அபின் வகை மருந்து பெறும் எவருடைய உடலும் அதற்குப் பழகும், நிறுத்தினால் துன்புறும். புற்றுநோயாளர்க்கு வலி நீக்க அளிக்கும் மார்பினும் அத்தகையதே. ஆயின், அந்நோயாளர் அடிமை ஆவரோ?

இவ்வினாவில் இரு திசையிலும் தவறு நிகழ்ந்தது. வலி தாங்காது மருந்து கேட்போரை அடிமை எனப் பழித்து, மருந்தைக் குறைத்த மருத்துவர் உளர். இதனைக் கண்டித்து 1989-இல் இரு ஆய்வாளர், ஒரு நோயாளியின் வரலாற்றைக் கொண்டு 'போலி அடிமைநிலை' என்னும் கருத்தை வெளியிட்டனர். பின்னர் அதே கருத்து மருந்து விற்பனைக்குப் படைக்கலம் ஆயிற்று. உண்மைக் குறிகளும் போலி எனத் தள்ளப்பட்டு, அளவு உயர்த்தப்பட்டது. 1996 முதல் அமெரிக்காவில் 'ஆக்சிகாண்டின்' என்னும் மாத்திரை பரவலாக விற்கப்பெற்றது. அதன் அடிமைப்படுத்தும் இயல்பை மறைத்து விளம்பரம் செய்த குற்றத்தை அதனை விற்ற நிறுவனம் 2007-இல் ஒப்புக்கொண்டது.

அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் 2013-இல் வெளியிட்ட வகைநூலின் ஐந்தாம் பதிப்பு 11 குறிகளை வகுத்துள்ளது. பன்னிரு திங்களுள் அவற்றுள் இரண்டேனும் காணப்படின் நோய் உண்டு என்பது அதன் விதி. எண்ணியதினும் மிகுதியாக உண்ணல், விட முயன்றும் இயலாமை, பொருளைத் தேடுவதிலேயே காலம் போக்கல், வேட்கை, கடமை தவறல், உறவு முறிதல், தீங்கெனத் தெரிந்தும் விடாமை முதலியன அவை. உடல் பழகுதலும் நிறுத்தத் துன்பமும் அவ்வரிசையில் உள்ளன. எனினும், மருத்துவர் சொற்படி மருந்து உண்பார்க்கு அவ்விரண்டும் கணக்கிற் கொள்ளப்படா. நானூறு ஆண்டுகள் தேடிக்கண்ட உடற்குறி இவ்வாறு துணைச்சான்று ஆயிற்று. உரிமை இழப்பே முதற்சான்று ஆயிற்று.

திருக்குறட் பொருட்பாலிற் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம், அதற்கு முன் வரைவின் மகளிர், பின் சூது. சூதில் உடலினுட் புகும் பொருள் யாதும் இல்லை. எனினும், மூன்றும் அடுத்தடுத்து நின்றன. மேற்கூறிய 2013-ஆம் ஆண்டு வகைநூலும் சூதாட்ட நோயைப் போதை நோய்களின் பகுதியிலேயே சேர்த்துள்ளது. வள்ளுவர் இக்கால மருத்துவம் அறிந்திருந்தார் என நாம் கூறவரவில்லை. ஒருவனைத் தன்வயம் இழக்கச் செய்வன எவை என்னும் நோக்கில் பொருள்களை அடுக்கினால், அவ்வடுக்கு இவ்வாறே அமையும் என்பதே நம் கருத்து.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றாற் பெறப்படுவன மூன்று. உண்ட நிலைக்குறிகளாகிய தூக்கமும் ஊசிமுனை போற் சுருங்கிய கண்மணியும் பழகியவரிடம் தெளிவாகத் தோன்றாமலும் போகலாம். உண்ணாத நிலைக்குறிகள் தெளிவானவை. ஆயின், அவை உடலின் பழக்கத்தையே காட்டும். ஒருவர் தாம் வகுத்த எல்லையைத் தாமே மீண்டும் மீண்டும் கடப்பதும், அதனை மறைக்க வாழ்க்கையை மாற்றியமைப்பதுமே அடிமைநிலையைக் காட்டும். இதனை ஒரு நாட் காட்சியால் அறிதல் இயலாது. உடனிருந்து பழகுவாரே அறிதல் கூடும்.

உடனே அறியவேண்டிய குறி ஒன்று உண்டு. எழுப்பியும் எழாமை, மூச்சு மிகத் தளர்தல், உதடு நீலம் பாரித்தல், கண்மணி சுருங்கல் ஆகியன அளவு மிஞ்சியதன் குறிகள். ஆங்கு ஆராய்ச்சிக்கு நேரம் இல்லை. மருத்துவ உதவியே வேண்டும். சில காலம் விட்டிருந்து பழைய அளவையே மீண்டும் ஏற்பவர்க்கு இவ்வாபத்து மிகுதி. பழக்கம் நீங்கிய உடல் அவ்வளவைத் தாங்காது. அடைத்துவைத்து விடுவித்தலே மருத்துவம் எனக் கருதுவார் இதனை ஓர்தல் வேண்டும்.

குறியை அறிவதனோடு கடமை முடிவதில்லை. காட்டில் அறிந்தார், கடிந்து எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து, 1816-இல், ஹைகேட் ஊரில் வாழ்ந்த கில்மன் என்னும் மருத்துவரும் அறிந்தார்; தம் இல்லத்திலேயே கோலரிட்ஜுக்கு இடம் தந்தார். 1834-இல் இறக்கும்வரை கோலரிட்ஜ் கில்மன் குடும்பத்தாருடனேயே இருந்தார். அபினை முற்றும் விட்டார் அல்லர். ஆயின், அளவு குறைந்தது, எழுத்து தொடர்ந்தது, பதினெட்டு ஆண்டு உயிர் வாழ்ந்தார். இருவரும் கண்டது ஒரே நடுக்கம். அதனைக் குற்றத்தின் குறியாகக் கண்டார் ஒருவர்; நோயின் குறியாகக் கண்டார் மற்றவர்.